மூன்று தந்திச் சல்கின்

சல்கின் என்றால் எங்கள் கிர்கிஸ் மொழியில் இளங்காற்று. பெயர் வைத்தவர்கள் இதைவிடப் பெரிய தவறு செய்திருக்க முடியாது. அவள் கிட்டாரை எடுத்தால் கிஸில்-பெல் கூட்டுப்பண்ணையில் கட்டிப்போட்டிருந்த குதிரைகள் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடின.

நம் மலைநாட்டில் ராக் கிட்டாரை முதலில் வாசித்தது யார் என்று பிற்காலத்தில் தலைநகரத்து இசைக்காரர்கள் செய்தித்தாளில் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான்கு பேர் உரிமை கொண்டாடினார்கள். நான்கு பேரும் ஆண்கள், நான்கு பேரும் நகரத்தில் பிறந்தவர்கள், நால்வருக்கும் நீண்ட முடி. எங்கள் பண்ணையை யாரும் கேட்கவில்லை. தலைக்குக் குட்டை கட்டி, தொலைபேசி நிலையத்தில் செருகு கம்பிகளை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்த ஒரு மருமகளை யார் வரலாற்றில் சேர்ப்பார்கள்? நான் அந்தப் பண்ணையில் படம் காட்டிக்கொண்டிருந்தவன். படக்கருவியின் ஒலிபெருக்கி என் பொறுப்பில் இருந்தது. அதில்தான் அவள் வாசித்தாள். ஆகவே நான் சொல்கிறேன்.

முதலில் பெயர் விவகாரத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மருமகள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்லக்கூடாது. பெயரை மட்டுமல்ல, பெயருக்குள் ஒளிந்திருக்கும் சொல்லையும் சொல்லக்கூடாது. சல்கினின் கணவன் பெய்ஷெனுக்குப் பெரியப்பா தெமிர்பெக், பண்ணையின் தலைவர். தெமிர் என்றால் இரும்பு. அதனால் சல்கின் வாயில் இரும்பு கிடையாது, 'கெட்டியானது' என்பாள். அவருடைய தம்பி கோய்ச்சுமான். கோய் என்றால் ஆடு. ஆட்டுப் பண்ணையின் தொலைபேசிக்காரி ஆடு என்று சொல்ல முடியாமல் 'கத்துறது' என்பாள். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் பல்தாபாய். பல்தா என்றால் கோடரி. அது 'வெட்டுறது'.

வட்டத் தலைமையிடத்துக் கம்பளி அலுவலகத்தில் புதிதாக வந்த ஒருவர் ஒருமுறை தொலைபேசியில் நிலவரம் கேட்டார். மேல் மேய்ச்சலில் நாலாயிரம் கத்துறது இருக்கிறது என்று சல்கின் சொன்னாள். என்ன கோரிக்கைக்காகக் கத்துகிறார்கள் என்று அவர் பதறிப்போய்க் கேட்டார். இரண்டு மணி நேரத்தில் காவல் வண்டி வந்து நின்றது. மேய்ச்சலில் இருந்த நாலாயிரமும் தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்துவிட்டு மறுபடி புல்லைத் தின்றன.

பெயர் என்பது தொண்டையிலிருந்து வரும் காற்று. ஆண்கள் நாள் முழுக்க அந்தப் பெயர்களைச் சொல்கிறோம், எந்தக் கிழவரும் அதனால் சாகவில்லை. ஒரு பெண் சொன்னால் மட்டும் குடும்பத்துக்குக் கேடு வருமாம். தொழுகை நடத்துகிற கிழவருக்கும் கட்சிக் கிளைச் செயலாளருக்கும் வேறு எதிலும் ஒத்துப்போகாது. இதில் மட்டும் இருவரும் ஒரே குரல். 'கிழக்கின் பெண் விடுதலை பெற்றாள்' என்று சிவப்புத் துணியில் எழுதி நிலையத்தின் சுவரில் மாட்டியிருந்தார்கள். விடுதலை பெற்றவள் அதன் கீழே உட்கார்ந்து ஆட்டைக் கத்துறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

காற்று காய்ந்து அடிக்கும் நாட்களில் எங்கள் நீண்ட தொலைபேசிக் கம்பியில் வானொலி கசியும். எந்த நாட்டு நிலையம் என்று தெரியாது. அப்படி ஒருநாள் மத்தியானம் சல்கின் காதில் மாட்டியிருந்த கருவியில் ஏதோ வந்து விழுந்திருக்கிறது. வேலையை அப்படியே போட்டுவிட்டு, நான் படம் காட்டும் மன்றத்துக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, யாரோ கிட்டார ரம்பம் வச்சு அறுக்குறாங்க. கேக்க அவ்ளோ நல்லா இருக்கு. அது என்ன?"

மின்சாரத்தில் வாசிக்கிற கிட்டார் என்று சொன்னேன்.

"நம்மகிட்டதான் மின்சாரம் இருக்கே," என்றாள், ஏதோ பாதி வேலை முடிந்துவிட்டதுபோல.

அவளிடம் ஏற்கெனவே ஏழு தந்திகள் உள்ள ரஷ்யக் கிட்டார் ஒன்று இருந்தது. எங்கள் குளிரில் நான்கு தந்திகள் அறுந்துபோயின. கடையில் கிட்டார் விற்பார்கள், தந்தி விற்க மாட்டார்கள். தந்தி செய்யும் ஆலை திட்டத்தில் இல்லையாம். அவள் அழவில்லை. மிஞ்சிய மூன்றையும் எங்கள் மூன்று தந்திக் கோமுஸ் வாத்தியத்தைப்போல, நடுத் தந்தி உச்சத்தில் நிற்கும்படி சுருதி கூட்டிக்கொண்டாள். ஏழு எதற்கு, கையில் இருப்பதே ஐந்து விரல்தானே என்று என்னிடம் கேட்டாள். கோமுஸ் வாசிப்பதுபோலவே ஐந்து விரலையும் விசிறியாக வீசித்தான் வாசித்தாள். தோளுக்கு மேலே தூக்கியும் தலைகீழாகத் திருப்பியும் வாசித்தாள். கோமுஸ்காரர்கள் எல்லோரும் காலங்காலமாகச் செய்கிற வித்தைதான். இதையே தலைநகரத்து நீள்முடிக்காரர்கள் பின்னாளில் மேற்கிலிருந்து இறக்குமதி செய்தார்கள்.

மின்சாரம் ஏற்றக் காந்தமும் கம்பிச்சுருளும் வேண்டும். தொலைபேசியில் நாம் காதில் வைக்கும் பக்கம் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குள் இரண்டும் உண்டு. பண்ணைத் தொலைபேசிகளைப் பழுது பார்ப்பதும் அவள் வேலைதான். கடைக்காரரின் சில்லைக் கழற்றித் தந்திகளுக்குக் கீழே அரக்கு வைத்து ஒட்டிப் பார்த்தாள், கொசு பாடியது. கால்நடை மருத்துவரின் சில்லு இன்னும் மோசம். தலைவர் தெமிர்பெக்கின் மேசையில் மட்டும் ரீகாவிலிருந்து வந்த புதுத் தொலைபேசி இருந்தது, நல்ல கனமான காந்தத்தோடு. தலைவர் புல் அறுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் அந்தச் சில்லை எடுத்துக்கொண்டு, செத்துப்போன ஒன்றை வைத்து மூடிவிட்டாள். கோடையில் மேய்ப்பர் விழா வரும். மேல் மேய்ச்சலில் சுற்றுவட்டாரம் முழுக்கக் கூடும். அங்கே ஒருமுறை வாசித்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

மன்றத்தில் என் ஒலிபெருக்கியில் இணைத்தோம். அவள் கையை வீசினாள். திரைக்குப் பின்னாலிருந்த பெரிய பெட்டி உறுமியது. சுவரிலிருந்த ஒரு தலைவரின் படம் விழுந்தது. எந்தத் தலைவர் என்று எழுத இன்றைக்கும் எனக்குத் தயக்கம்தான். ஒலி கிழிந்து வருகிறது, கொஞ்சம் குறைத்துச் சரிசெய்கிறேன் என்றேன்.

"தைக்காதீங்க அண்ணே. கிழிஞ்சே இருக்கட்டும்."

அடுத்த திங்கட்கிழமை வட்டச் செயலாளர் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பண்ணையின் லாரி ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இணைப்புக் கொடுத்த சல்கினுக்கு இரண்டு பக்கமும் கேட்டது. தலைவர் பேசுவது செயலாளருக்குக் கேட்டது. செயலாளர் பேசுவது மட்டும் தலைவருக்குக் கேட்கவில்லை. அவர் காதில் இருந்தது செத்த சில்லு.

வேறு எந்த நாட்டிலும் ஒருவர் அலோ அலோ என்று கத்திவிட்டுக் கருவியைத் தட்டிப் பார்ப்பார். தெமிர்பெக் மேலிடத்தோடு முப்பது வருடம் பழகியவர். மேலிடம் கோபமாக இருந்தால் கத்தும், மிகவும் கோபமாக இருந்தால் பேசாமல் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு பேசாமல் இருந்து அவர் பார்த்ததே இல்லை. எழுந்து நின்றுகொண்டார்.

"தோழர் செயலாளர், நீங்க ஏன் பேசாம இருக்கீங்கன்னு எனக்குப் புரியுது," என்று தொடங்கினார்.

அந்தப் பக்கம் செயலாளர் லாரி, லாரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் தலைவர் வசந்தத்தில் பிறந்த குட்டிகளை இரண்டு முறை எண்ணிக் கணக்குக் காட்டியதைச் சொன்னார். மௌனம் நீடித்தது. எடை கூடுவதற்காகக் கம்பளியை ஓடையில் நனைத்து அனுப்பியதைச் சொன்னார். அப்போதும் மௌனம். மேய்ப்பர்களுக்கென்று கட்டிய குளியலறை தன் மருமகன் வீட்டுக் கொல்லையில் நிற்பதைச் சொன்னார். செயலாளர் லாரியை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் கணக்கில் இனி ஒன்றும் பாக்கி இல்லாததால் அண்ணன் பல்தாபாயின் இளமைக்காலத் திருட்டு ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, "இப்பவாவது ஒரு வார்த்தை பேசுங்க," என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக் கருவியை வைத்தார்.

இப்படி முழு மனதோடு ஒருவர் உண்மை பேசினால் ஒரு நல்ல அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்? குளியலறையைப் பிடுங்கி மேய்ப்பர்களுக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் வட்டச் செயலாளரோ இரண்டு முறை எண்ணிய அதே குட்டிகளைக் காட்டித்தான் தலைநகரில் பதக்கம் வாங்கியிருந்தார். ஆகையால் ஒப்புதல் வாக்குமூலத்தை விட்டுவிட்டுத் தொலைபேசியைப் பிடித்தார்கள். வட்டத் தலைமையிடத்திலிருந்து பழுதுபார்ப்பவன் வந்து கருவியைத் திறந்தான். சில்லு மாறியிருந்தது. அரசு உடைமைக்குச் சேதம், நாசவேலை என்று பெரிய சொற்கள் எல்லாம் வந்தன. கூடவே விசாரணை அதிகாரி சுப்கோவ் வந்தார்.

மன்றத்தில் உறுமுவது என்ன என்று ஊருக்கே தெரியும். சுப்கோவ் கிட்டாரைப் பறிமுதல் செய்து தலைவரின் அறையில் மேசைமேல் படுக்கவைத்தார். குற்றம் உறுதியானால் கிட்டார் சான்றுப் பொருளாகப் போய்விடும், சல்கினின் வேலையும் போய்விடும். வேலையைப் பற்றி அவள் பேசவே இல்லை. அறை வாசலில் என்னிடம், "அத மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னா நான் என்னண்ணே பண்ணுவேன்?" என்று ஒருமுறை கேட்டாள். ஒலிபெருக்கி என்னுடையது என்பதால் என்னையும் சாட்சியாக உள்ளே உட்காரவைத்தார்கள். தலைவர் வெளியே நின்றார்.

சுப்கோவ் நல்ல மனிதர்தான். லெனின்கிராதில் சட்டம் படித்தவர். எங்கள் மொழி தெரியாது. சல்கின் தொலைபேசிக்காரியின் ரஷ்ய மொழியில், சொல்லுக்குச் சொல் மாற்றிப் பதில் சொன்னாள்.

"இது யாரோட தொலைபேசியிலேருந்து எடுத்தது?"

"அந்தப் பேர நான் சொல்லக்கூடாதுங்க."

"யாரு சொல்லக்கூடாதுன்னது?"

"பெரிய வீடு."

எங்களுக்குப் பெரிய வீடு என்றால் மாமனார் வழித் தலைக்குடும்பம். புருஷனின் பெரியப்பா வீட்டை எந்த மருமகளும் அப்படித்தான் சொல்வாள். லெனின்கிராதிலும் ஒரு பெரிய வீடு இருக்கிறது. அது ரகசியக் காவல்துறையின் கட்டடம். அங்கே படித்தவர்கள் அந்தச் சொல்லை உரக்கச் சொல்ல மாட்டார்கள். சுப்கோவ் பேனாவை மூடினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எப்பலேருந்து?" என்றார், பாதிக் குரலில்.

"கல்யாணமான நாள்லேருந்து."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவங்க சொந்தம்தானே எல்லாம்."

சுப்கோவ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இந்தப் பண்ணையில உங்கள மாதிரி வேற யாரும் இருக்காங்களா?"

"எல்லா வீட்லயும் இருக்கோம்," என்றாள் சல்கின். "மருமக இல்லாத வீடு ஏதுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். உண்மை பேச வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கொள்கை உண்டு; ஆனால் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கிட்டாரை இரண்டு கையாலும் தூக்கி அவளிடம் கொடுத்தார். கருவி பழுதானது இயற்கைத் தேய்மானம் என்று எழுதி முடித்து, மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஜீப்பில் ஏறினார். வெளியே வந்ததும் சல்கின் சொன்னாள்: "ரஷ்யக்காரரா இருந்தாலும் நம்ம வழக்கத்துக்கு எவ்ளோ மரியாத குடுக்குறாரு பாத்தீங்களா." அவள் புரியாமல் பேசினாளா, என்னைக் கிண்டல் செய்தாளா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

சட்டத்தால் முடியாததைத் தலைவர் சாப்பாட்டால் செய்தார். வாரக் கடைசியில் பெரிய வீட்டில் ஓர் ஆட்டை வெட்டிக் குடும்பத்தைக் கூட்டினார். பல்தாபாயின் முன்னால் வெந்த ஆட்டுத் தலையை வைத்தார்கள். அது யார் முன்னால் இருக்கிறதோ அவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெய்ஷென் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். கம்பளி கத்தரிப்பதில் வட்டத்திலேயே முதல் ஆள் பெய்ஷென், பேசுவதில் கடைசி ஆள். மருமகளுக்குக் கிட்டார் ஆகாது, அதைப் பெரிய வீட்டு மரப்பெட்டியில் கம்பளங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று பல்தாபாய் ஆட்டின் காதை அறுத்தபடி சொல்லிவிட்டார். உடனே பூட்டவில்லை. ஏனென்றால் மேய்ப்பர் விழாச் சுவரொட்டியில் 'சல்கின் - மின்கிட்டார்' என்று அச்சாகிவிட்டது. அச்சானது நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். தலைவருக்கு இனி மேலிடத்தோடு எந்தப் பேச்சும் வேண்டாம் என்றிருந்தது. எனவே விழாவில் கடைசியாக ஒருமுறை. முடிந்ததும் தலைவரே மேடைக்கு வந்து கிட்டாரை வாங்கிக்கொள்வார்.

"நான் என்ன சொல்லணும், சொல்லு. போய்ச் சொல்றேன்," என்று பெய்ஷென் மனைவியிடம் கேட்டிருக்கிறான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

விழா நாளில் மேல் மேய்ச்சல் முழுக்கக் கூடாரங்கள். குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் வாசனையும் போர்ஸோக் மாவுத்துண்டுகள் பொரிக்கும் வாசனையும். லாரியின் பின்பலகைகளை இறக்கி மேடை ஆக்கினோம். என் மின்னாக்கி லாரிக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தது. முன்வரிசைக் கம்பளத்தில் மூன்று பெரியவர்களும் குமிஸ் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மருமகள்கள் வழக்கப்படி கடைசியில், பாத்திரங்களுக்குப் பக்கத்தில்.

முதலில் பாட்டு இல்லாமல் வாசித்தாள். தோள்மேல் ஒருமுறை, முதுகுக்குப் பின்னால் ஒருமுறை. கிழவர்களுக்கு அது பழகிய வித்தை என்பதால் தலையாட்டினார்கள். குதிரைகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒலிவாங்கியின் அருகே வந்தாள். அவள் சொல்லப்போவதைச் சொல்லிவிட்டால் கிட்டார் மட்டும் போகாது. அவளையும் துணிமூட்டையோடு தாய்வீட்டுக்கு ஏற்றிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

கையை வீசி மூன்று தந்திகளையும் ஒன்றாக அடித்தாள்.

"இரும்பு! இரும்பு! தெமிர்பெக்!
ஆடு! ஆடு! கோய்ச்சுமான்!
கோய்ச்சுமான்! கோய்ச்சுமான்! கோய்ச்சுமான்!
கோடரி! பல்தாபாய்!"

பாட்டு அவ்வளவுதான். வேறு வரியே இல்லை. அதையே திரும்பத் திரும்பப் பாடினாள், ஒவ்வொரு முறையும் ஒலி இன்னும் கொஞ்சம் கிழிந்தது. கிண்ணம் பிடித்த கைகள் எல்லாம் பாதியில் நின்றன. வானம் இடிந்து விழவில்லை. பல்தாபாய்க்கு விக்கல் வந்தது. அதற்குக் காரணம் அவர் குடித்த குமிஸ்தான் என்று கால்நடை மருத்துவர் பிற்பாடு உறுதிசெய்தார். பின்னால் பாத்திரங்களுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் "அசிரான்குல்!" என்றது. அவளுடைய மாமனார் பெயர். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொருத்தி "ஜுமாஷ்!" என்றாள். அப்புறம் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வருடக்கணக்கில் விழுங்கிவைத்திருந்த பெயர்களை எல்லாம் பெண்கள் தாளத்தோடு துப்பினார்கள். கரண்டியால் அண்டாவை அடித்தார்கள். என் ஒலிபெருக்கியின் ஊசிமுள் சிவப்பைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. நான் குறைக்கவில்லை.

பாட்டு நின்றது. தலைவர் தெமிர்பெக் எழுந்தார். அவர் மெதுவாக வந்து பலகையில் ஏறினார். சல்கின் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டாள். லாரிக்குப் பக்கத்தில் தரையில் நின்ற பெய்ஷென் பெரியவர்களிடம் முதன்முறையாக வாயைத் திறந்து, "பெரியப்பா, அது அவளோடது," என்றான். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒலிவாங்கி உயிரோடு இருக்கிறது என்பது தெரியாமல் அதன் முன்னால் நின்று, தணிந்த குரலில், குடும்ப விஷயம் பேசுவதுபோலக் கேட்டார். மலை முழுக்கக் கேட்டது.

"கோய்ச்சுமான் பேரு நாலு தடவ வருது. என் பேரு ஒரே தடவதான் வருது. நான் அவனுக்கு அண்ணன். ஊர்ல என்ன நெனப்பாங்க?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. கம்பளத்தில் கோய்ச்சுமான் தொடையைத் தட்டிக்கொண்டு, "பாட்டு நல்லாத்தான் இருக்கு, அண்ணனுக்குப் பொறாம," என்றார். சிரிப்பு ஓயும்வரை சல்கின் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரு கெட்டியான பேரு, மாமா," என்றாள். "நாலு தடவ இழுத்தா தந்தி தாங்காது. இருக்குறதே மூணுதான்."

தலைவர் யோசித்தார். கிட்டாரை வாங்க நீட்டுவதற்காகப் பாதி தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அதனாலேயே தாடையைத் தடவினார். "அறுந்தா பண்ணை வாங்கிக் குடுக்கும்," என்றார். அதுவும் மலை முழுக்கக் கேட்டது. பிறகு இறங்கிப்போய்த் தம்பிக்குப் பக்கத்தில் உட்காராமல், கொஞ்சம் தள்ளி, பாட்டு நேராக வந்து விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.